ஒரு விரற்கடை குறைந்த அட்டை

சிதம்பரம் தெற்கு வீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அந்த இரண்டு அறை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன சம்பளம் நிஜந்தானா என்று விசாரிக்கச் சொல்லி வருவார்கள். அந்தப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் படியேறி வந்தவள் அப்படி வரவில்லை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

"அமிர்தம் மேடம்?" என்று வாசலருகே உட்கார்ந்திருந்த சேரனைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

சேரனுக்கு அங்கேயே வயிறு எரியத் தொடங்கிவிட்டது. ஆறு வருஷமாக இந்த அலுவலகத்துக்காக வெயிலில் அலைகிறவன் அவன். போன மாதம்கூட குமராட்சிப் பக்கம் மூன்று நாள் மினி பஸ்ஸில் தொங்கி, ஒரு மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஒரு குடும்பம் இருப்பதைக் கண்டுபிடித்தான். பெண் வீட்டார் பழத்தட்டோடு வந்து அமிர்தத்தைக் கும்பிட்டுவிட்டு, இவனைப் பார்த்து "தம்பி, ஒரு டீ சொல்லுங்களேன்" என்றார்கள். வாசல் பலகையில் அமிர்தம் பெயர் மட்டுந்தான். இதைப் பொறாமை என்று யாராவது சொன்னால் சேரன் சண்டைக்கு வருவான். அவனைக் கேட்டால் அது நியாயம்.

அமிர்தத்துக்கு ஐம்பது நெருங்குகிறது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிற இடத்தில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். "உக்காரும்மா. தண்ணி குடிச்சிட்டு சொல்லு" என்றார்.

வந்தவள் பெயர் வினோதினி. கடலூரில் நெல்லிக்குப்பம் சாலையில் டிராக்டர் விற்றுப் பழுதும் பார்க்கிற ஒரு நிறுவனத்தில் பணியாளர் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆண்டு இறுதி விழாவை இந்த வருஷம் அவளிடம் ஒப்படைத்திருந்தார் முதலாளி அருள்மொழி.

"முன்னெல்லாம் பட்டறையிலயே பிரியாணி போட்டு முதலாளி பேசிட்டு முடிச்சிடுவாங்களாம் மேடம். தேவநாதன் சார்தான் பதினாறு வருஷமா எடுத்துச் செஞ்சிருக்காரு. சர்வீஸ் சூப்பர்வைசர். நான் இந்தத் தடவை சிதம்பரத்துல மண்டபம் பாத்து, குடும்பத்தோட வரச்சொல்லியிருக்கேன். வீட்டுக்காரம்மாங்களுக்கு டிராக்டர் ஓட்டுற போட்டி. மெக்கானிக்குங்களைப் பத்தி விவசாயிங்க ஃபோன்ல பேசினதைப் போட்டுக் காட்டறது. எல்லாத்துக்கும் முன்னாடி அஞ்சு நாள் கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு."

"அது என்னம்மா?"

"சீட்டு குலுக்கிப் போட்டு ஒருத்தருக்கு இன்னொருத்தர் அம்மாவா வருவாங்க. யாரு நம்ம அம்மான்னு விழா அன்னைக்குத்தான் தெரியும். அம்மா தினம் ஒரு அட்டையில குழந்தை பேரைப் போட்டு ஒரு வேலை எழுதி பெட்டியில போடணும். பாட்டு பாடு, எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் குடு, அந்த மாதிரி. பதினோரு மணி டீக்கு நான் எடுத்துப் படிப்பேன். யாரு எழுதினதுன்னு தெரியக்கூடாதுன்னு எல்லாரும் இடது கையால எழுதுவாங்க."

நான்கு நாள் அலுவலகமே சிரித்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, மூன்றாவதாக எடுத்த அட்டையை அவள் வேகமாகப் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். அதற்குள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

பையிலிருந்து ஓர் உறையை எடுத்து அந்த அட்டையை மேஜையில் வைத்தாள். கோணல்மாணலான எழுத்து.

'தேவநாதன் அவர்களே, விழா நடத்துற வேலையைப் பிடுங்கிட்டாங்கன்னு முதலாளி ரூமில் கண் கலங்கி நின்னீங்களாமே. சனிக்கிழமை மேடையில் ஏறி எல்லார் முன்னாடியும் அதே மாதிரி அழுது காட்டுங்க.'

"தேவநாதன் சாரும் அங்கதான் இருந்தாரு மேடம். டீயை வெச்சிட்டு பையை எடுத்துக்கிட்டு கீரப்பாளையம் வீட்டுக்குப் போயிட்டாரு. இன்னைக்கும் வேலைக்கு வரல. எழுதினது யாருன்னு வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள தெரியலன்னா விழாவும் இல்ல, நீயும் வேணாம்னு முதலாளி சொல்லிட்டாரு. எனக்கு இந்த வேலைய விட்டா வேற வழியில்ல."

"தேவநாதனுக்கு அம்மா யாரு?"

"சேல்ஸ்ல இருக்கிற ஜெயப்பிரகாஷ். அவன் எழுதின அட்டையும் பெட்டியில இருந்துச்சு, விசில் அடிக்கச் சொல்லி. இது அதுக்கு மேல ஒண்ணு. செவ்வாய்க்கிழமை அட்டை மொத்தமும் இதுல இருக்கு, பதினெட்டு. ஆடுறவங்களும் பதினெட்டுப் பேரு. நான் ஆடல."

"வெத்து அட்டை யாருகிட்ட இருக்கு?"

"ஆளுக்கு அஞ்சு எண்ணிக் குடுத்தேன். மிச்சம் ஒரு கட்டு என் டிராயர்ல இருக்கு. நூறுக்கு மேல வெட்டினேன், எத்தனைன்னு எண்ணல."

அமிர்தம் உறையைச் சேரனிடம் தள்ளினார். "எல்லாத்தையும் அடுக்கிப் பாரு. இந்த அட்டையில வித்தியாசம் எதுனா இருந்தா சொல்லு." சொல்லிவிட்டு வினோதினியோடு பேசிக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார்.

சேரன் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி தட்டி அடுக்கினான். பதினேழு ஒரே உயரம். அந்த ஒன்று மட்டும் ஒரு விரற்கடை குறைவு. மூன்று பக்கமும் கத்தரியால் வெட்டிய நேர்க்கோடு. மேல் பக்கம் மட்டும் மடித்து நகத்தால் நீவிக் கிழித்தது, காகித நார் மெல்லியதாகத் தெரிந்தது.

இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அமிர்தம் அக்கா ஒரு நிமிஷம் யோசிப்பார், முழுக் கதையையும் அவிழ்ப்பார், பழத்தட்டு அவருக்கு வரும். இந்த ஒருதடவையாவது தானே அவிழ்த்துக் காட்டினால் என்ன?

அமிர்தம் திரும்பி வந்து "எதுனா இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் ஒரே மாதிரிதான்க்கா" என்றான் சேரன்.

அவர் தலையாட்டினார். அட்டையைக் கையில்கூட எடுக்கவில்லை.

மறுநாள் இருவரும் கடலூருக்குப் போனார்கள். அருள்மொழி தன் அறையில் வைத்துச் சுருக்கமாகவே பேசினார். "தேவநாதன் என்கிட்ட வந்து பேசினது உண்மைதான். விழாவைத் தன்கிட்டயே குடுக்கச் சொல்லிக் கண் கலங்கினாரு. நான் யாருகிட்டயும் மூச்சு விடல. ஆனா பாருங்க, இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கந்தான் வினோதினி சீட்டு. பெட்டிச் சாவி அவகிட்ட. மிச்ச அட்டை அவகிட்ட. படிச்சதும் அவ. பெரியவர் ஓயாம யோசனை சொல்லிக்கிட்டே இருந்தாரு, தொல்லையா இருந்திருக்கும். அவளே உங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கா, அதுக்காக நான் நம்பிடணுமா?"

முன்னறையில் வரவேற்பு மேஜையில் இருந்தவர் மங்கலம். ஒன்பது வருஷ அனுபவம். வினோதினி பெயரைச் சொன்னதுமே உதடு இறுகியது.

"நேத்து வந்த பொண்ணுக்கு விழாப் பொறுப்பு. ஒன்பது வருஷமா இங்கயே கிடக்கிற என் ஞாபகம் வரல யாருக்கும். அது என்னவோ விளையாட்டாம். செவ்வாய்க்கிழமை எனக்கு அட்டையே வரல, தெரியுமா? மிச்ச அட்டையை அந்தப் பொண்ணு அப்புறம் எடுத்துப் பாத்துச்சு, எல்லாருக்கும் வந்திருந்துச்சு. கேட்டா, 'அப்புறம் பாக்கலாம்க்கா'ன்னுது."

சேரன் தன் குறிப்பேட்டில் 'மங்கலம் – பொறாமை' என்று எழுதி இரண்டு கோடு போட்டான். அடுத்தவர் பொறாமையைக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

அமிர்தம் சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரருக்கான பட்டியல். மேலே பிள்ளையார் சுழி போட்டு, டீ பதினொன்று, காபி ஐந்து, சர்க்கரை இல்லாமல் இரண்டு என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

"டீக்குமா பிள்ளையார் சுழி?" என்று சேரன் சிரித்தான்.

"தேவநாதன் சார் எழுதினது" என்றார் மங்கலம். "அவர் எது எழுதினாலும் அப்படித்தான்."

திரும்பும் பேருந்து ஆலப்பாக்கத்தைத் தாண்டியது. அமிர்தம் சொன்னார்: "எனக்கு மனசு ஒப்பல சேரா. ஆனா முதலாளி சொல்றதை மறுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. தேவநாதனுக்கு ஒரு அட்டை அதிகமா வந்திருக்கு. வித்தியாசம் இல்லாத அட்டைன்னா, மிச்சக் கட்டுல இருந்து வந்ததா இருக்கணும். அது அந்தப் பொண்ணு டிராயர்ல இருக்கு. அந்தப் பொண்ணுதான் எழுதியிருக்குன்னு நாமே சொல்லவேண்டி வரும்போல."

அப்போதும் சேரன் அட்டை குறைவதைச் சொல்லவில்லை. மங்கலம்தான் எழுதினாள், பழக்கத்தில் தன் பெயரை மேலே எழுதிவிட்டுக் கிழித்திருக்கிறாள் என்று அவன் மனதுக்குள் முடிவே கட்டியிருந்தான். நாளைக்குப் போய் நாலு கேள்வி கேட்டால் கக்கிவிடுவாள். அதன் பிறகு அக்காவிடம் சொன்னால் போதும்.

வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, உறையோடு தனியாகக் கடலூர் பஸ் ஏறினான். இரண்டு மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது வினோதினி தரையில் உட்கார்ந்து, பரிசுப் பொட்டலங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். மங்கலம் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் பெயரைச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சேரன் மங்கலத்தைத் தனியாகக் கூப்பிட்டு அட்டையைக் காட்டித் தன் கண்டுபிடிப்பைச் சொன்னான். மங்கலம் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"அம்மா பேரு தெரியக்கூடாதுங்கிறதுதான் ஆட்டம். நாலு நாள் ஆடினவ, அஞ்சாம் நாள் என் பேரை மேல எழுதுவேனா? எனக்கு அந்தப் பொண்ணு மேல பொறாமை இருக்கு தம்பி, இல்லன்னு சொல்லல. அதுக்காக வயசான மனுஷனை எல்லார் முன்னாடியும் அழச்சொல்ல மாட்டேன். இதை எப்பப் பாத்தீங்க, இன்னைக்கா?"

சேரன் அட்டையை உறைக்குள் போட்டான். திரும்பி வந்தபோது வினோதினி தலையை நிமிர்த்தினாள். "அமிர்தம் மேடமும் என்னைத்தான் நெனைக்கிறாங்களா அண்ணா? நேத்து ஃபோன்ல அவுங்க பேச்சு ஒரு மாதிரி இருந்துச்சு. நீங்களாவது நம்புறீங்களா, நான் எழுதலன்னு?"

அவளை அப்படி நினைக்க வைத்தவன் தான்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. வெளியே போய், நிறுத்தியிருந்த டிராக்டர்களுக்கு நடுவே நின்று அமிர்தத்தை அழைத்தான்.

"அக்கா, அந்த அட்டை ஒரு விரற்கடை குறையுது. புதன்கிழமையே பாத்தேன். சொல்லல."

"எந்தப் பக்கம்?" என்றார் அமிர்தம்.

"மேல் பக்கம். மடிச்சுக் கிழிச்சிருக்கு. மத்த மூணும் கத்தரி வெட்டு."

"தேவநாதன்கிட்ட நான் பேசிக்கிறேன். முதலாளியை இருக்கச் சொல்லு. அஞ்சு மணிக்கு வரேன்." அவ்வளவுதான். ஒரு திட்டுகூட இல்லை.

ஐந்து மணிக்கு அருள்மொழியின் அறையில் ஐந்து நாற்காலி போடப்பட்டது. முதலாளி, வினோதினி, மங்கலம், அமிர்தம். ஐந்தாவது நாற்காலியில் தேவநாதன். சவரம் செய்யாத முகத்தோடு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சேரன் கதவோரம் நின்றான்.

"முதல்ல ஒரு சின்ன வேலை" என்றார் அமிர்தம். பையிலிருந்து மூன்று வெற்று அட்டைகளை எடுத்தார். வினோதினியின் கட்டிலிருந்து வாங்கியவை. "நாளைக்கு விழா நடக்குதோ இல்லையோ, ஆளுக்கொரு வாழ்த்து எழுதிக் குடுங்க. வலது கையாலயே எழுதலாம்."

அருள்மொழி எரிச்சலோடு கிறுக்கினார். மங்கலம் யோசித்து எழுதினார். தேவநாதன் பேனாவைத் திறந்தார். கை தானாக அட்டையின் மேல் நடுவில் ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டது. அடியில் இரண்டு கோடு இழுத்தது. அங்கேயே நின்றுவிட்டது. அவர் மெல்ல நிமிர்ந்து அமிர்தத்தைப் பார்த்தார்.

"பத்திரம் எழுதற இடத்துல பதினைஞ்சு வருஷம் இருந்தவ சார் நான்" என்றார் அமிர்தம். "சுழி போடாம காகிதத்துல பேனா வைக்கத் தெரியாத கை நிறையப் பாத்திருக்கேன். மறைஞ்சு எழுதணும்னு எழுத்தை மாத்தலாம், கையை மாத்தலாம். சுழி யோசிக்கறதுக்கு முன்னாடியே விழுந்துடும்."

அவர் அந்தப் பழைய அட்டையைச் சேரனிடமிருந்து வாங்கி, தேவநாதன் சுழி போட்ட அட்டையின் மேல் வைத்தார். அடியோரங்கள் பொருந்தின. மேலே சுழி இருந்த அளவு மட்டும் வெளியே தெரிந்தது.

"சுழி போடறவங்க ஊருல ஆயிரம் பேர்" என்றார் அருள்மொழி. "வினோதினியும் போடலாமே."

"போடலாம். ஆனா சுழி விழுந்துட்டா வினோதினி என்ன செஞ்சிருக்கும்? டிராயர்ல ஒரு கட்டு அட்டை இருக்கு. அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடுத்திருக்கும். மேல கிழிச்சு அந்தக் குட்டை அட்டையையே போட்டவங்களுக்கு வேற அட்டை இல்ல. ஆளுக்கு அஞ்சு அட்டை, செவ்வாய்க்கிழமை அஞ்சாம் நாள். கையில இருந்தது கடைசி அட்டை."

"சரி, யாரோட அட்டை?"

"பதினெட்டுப் பேரு போட்டாங்க, பதினெட்டு அட்டை வந்துச்சு. தேவநாதனுக்கு மட்டும் ரெண்டு. அப்ப வேற ஒருத்தருக்கு வரலன்னுதானே அர்த்தம்? மங்கலம் நேத்தே சொல்லிச்சு, தனக்கு வரலன்னு. அது ஏதோ குறை சொல்லுதுன்னு நாங்க எல்லாரும் விட்டுட்டோம்." வினோதினியின் பக்கம் திரும்பினார். "மங்கலத்துக்கு அம்மா யாரு? ஆட்டம் முடிஞ்சு போச்சு, சொல்லலாம்."

வினோதினி பையிலிருந்த பட்டியலைப் பிரித்தாள். படித்ததும் அவள் முகம் மாறியது. "தேவநாதன் சார்" என்றாள் மெதுவாக.

"மங்கலத்துக்கு எழுதவேண்டிய அட்டையில அவர் தனக்கே எழுதிக்கிட்டாரு. முதலாளி அறையில நடந்தது ரெண்டே பேருக்குத்தான் நிச்சயமாத் தெரியும். ஒருத்தர் வெளியில சொல்லல. இன்னொருத்தர் எழுதினாரு."

தேவநாதன் பேனாவை மூடிப் பாக்கெட்டில் குத்திக்கொண்டார். மறுப்பார் என்று சேரன் எதிர்பார்த்தான். அவர் மறுக்கவில்லை.

"என்னை அவமானப்படுத்தினா எல்லாரும் என் பக்கம் நிப்பாங்க, விழா நின்னுடும்னு நெனச்சேன்" என்றார். "பொண்ணுக்கு வேலை போகும்னும் தெரியும். தெரியாதுன்னு பொய் சொல்லல."

"நான் உங்களை எதுலயாவது ஒதுக்கினேனா சார்?" வினோதினி அவர் பக்கம் திரும்பினாள். "ஒவ்வொண்ணையும் உங்ககிட்ட கேட்டுத்தானே செஞ்சேன்."

"நீ கேட்டேதாம்மா. அதுதான் ஜாஸ்தியா எரிஞ்சுது. ஒதுக்கியிருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். பதினாறு வருஷம் நான் நடத்துனேன், பிரியாணி தின்னுட்டு வீட்டுக்குப் போவானுங்க. நீ நாலு அட்டை வெட்டிக் குடுத்தே, என் பட்டறைப் பசங்க மணி பதினொண்ணு ஆகக் காத்துக்கிட்டு நின்னானுங்க. நீ செஞ்சது என்னைவிட நல்லா இருந்துச்சு. என்னால தாங்க முடியல."

மங்கலம் தலையைக் குனிந்துகொண்டார். அருள்மொழி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அங்கிருந்தபடியே, "வினோதினி, உன்னைத் தப்பா நெனச்சுட்டேன். வேலை உனக்கு நிரந்தரம், திங்கக்கிழமை கடிதம் வரும். இவரை என்ன செய்யணும்னு நீயே சொல்லு" என்றார்.

வினோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இங்க இல்ல, வெளியில டீ குடிக்கிற இடத்துல, அந்த அட்டையைப் படிச்சப்ப இருந்த அத்தனை பேர் முன்னாடியும். அப்புறம் நாளைக்கு விழாவுக்கு வரலாம். என்னால இப்ப அவ்வளவுதான் முடியும்."

தேவநாதன் எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு முதல் ஆளாக வெளியே போனார். பட்டறை ஆட்களைக் கூப்பிடும் அவர் குரல் உள்ளே கேட்டது. அவர் பேசி முடிக்கும்வரை சேரனால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போய்விட்டான்.

சிதம்பரம் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. சேரன் தானே பேச்சைத் தொடங்கினான்.

"ஒவ்வொரு தடவையும் பேரு உங்களுக்கே போகுதுன்னு எரிச்சல்க்கா. நானும் ஒண்ணைக் கண்டுபிடிக்கணும்னு பாத்தேன். நீங்க எப்படியும் அந்த அட்டையை எடுத்துப் பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"பாக்கல."

"ஏன்க்கா?"

"நீ பாத்தேன்னு சொன்னா நான் திரும்பிப் பாக்கறதில்ல. ஆறு வருஷமா எதையும் பாத்ததில்ல" என்றார் அமிர்தம். குரலில் கோபம் இல்லை.

சேரன் அவர் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருஷம் தன்னை யாரும் மதிக்கவில்லை என்றுதான் அவன் புழுங்கிக்கொண்டிருந்தான். நடத்துனர் வந்தார், அமிர்தம் இரண்டு டிக்கெட் வாங்கினார்.

"என்னை வேலைய விட்டு அனுப்பிடுவீங்களா?"

"மாட்டேன். திங்கக்கிழமை சேத்தியாத்தோப்பு விசாரணை ஒண்ணு இருக்கு, நீதான் போகணும்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ வந்து சொன்னதும் நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவேன்."